ஆண் மீன் இல்லாத தொட்டியில் கப்பிக் குட்டிகள்: என் அனுபவம்

பெட்டைக் கப்பி மீனை மட்டும் தனித் தொட்டியில் விட்டிருக்கிறேன், ஆண் மீனே கிடையாது, அப்படியும் மாதாமாதம் குட்டி போடுகிறதே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். என் வீட்டிலும் இதேதான் நடந்தது.

சென்னை கொளத்தூரில் மாஸ்கோ ப்ளூ என்ற கப்பி ரகத்தில் ஜோடி ஒன்று வாங்கினேன். ஆண் மீன் தலை முதல் வால் வரை கருநீலம். ஒரு குறை சொல்ல முடியாது. முதல் பேட்ச் குட்டிகள் வளர்ந்து நிறம் ஏறியபோதுதான் தெரிந்தது, ஆண்களில் பலவற்றின் வாலில் மஞ்சளும் கரும்புள்ளியும். அடுத்த பேட்சும் அப்படியே. பெட்டைக் கப்பி ஒருமுறை இணைந்துவிட்டால் விந்தணுவை உடம்புக்குள் பல மாதங்கள் சேமித்து வைத்து, அடுத்தடுத்த ஈற்றுக்கு எடுத்துக்கொள்ளும். கடையில் எந்த ஆணோடு இருந்ததோ, அதன் வாரிசுகள்தான் நம் தொட்டியில் பிறந்துகொண்டிருக்கும்.

பெட்டையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. கப்பியின் நிறங்களில் சில தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும். டென்மார்க் விஞ்ஞானிகள் யோஹன்னஸ் ஷ்மிட் 1920-லும், விங்கே 1922-லும் இந்த மீனை வைத்துத்தான் அதை நிறுவினார்கள். மகளுக்கு அந்த நிறம் வருவதே இல்லை. ஆகவே ரகம் சுத்தமாக வேண்டுமென்றால் ஆணோடு சேராத இளம் பெட்டைதான் வேண்டும்.

நான் இப்போது செய்வது இதுதான். குட்டிகளுக்கு மூன்று வாரம் ஆனதும் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்ப்பேன். அடிவயிற்றின் பின்பக்கம் மங்கலாகக் கரும்புள்ளி தெரிந்தால் பெட்டை. அந்த இடத்தில் துடுப்பு ஒடுங்கிக் குச்சி மாதிரி நீள ஆரம்பித்தால் ஆண். நிறம் வரட்டும் என்று காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும், அதற்குள் இணைந்துவிடும். சந்தேகமாக இருப்பதை ஆண்கள் பக்கம் போட்டுவிடுவேன்.

குட்டி போடுவதைப் பார்க்காதவர்கள் ஒருமுறையாவது பாருங்கள். சினையாகி நாலு வாரம் நெருங்கும்போது பெட்டையின் வயிறு சதுரமாகும், கரும்புள்ளிக்குள் குட்டிகளின் கண்களே தெரியும். தலையும் வாலும் ஒட்ட சுருண்டபடி ஒரு உருண்டை வந்து விழும். பாதி தூரம் இறங்கியதும் சட்டென்று நிமிர்ந்து, நேராகப் பாசிக்குள் ஓடும். ஓடாவிட்டால் தாயே விழுங்கிவிடும். பிளாஸ்டிக் பிரீடிங் பாக்ஸில் பெட்டையை அடைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பயந்துபோய்க் குறைப்பிரசவம் ஆவதைப் பார்த்திருக்கிறேன். ஜாவா மாஸ் என்ற நீர்ப்பாசியை அடர்த்தியாகப் போட்டாலே போதிய குட்டிகள் தப்பிவிடும்.

தீனிக்கு ஆர்டீமியாவை (உப்புநீரில் வாழும் பொடி இறால் வகை) மிஞ்ச ஒன்றுமில்லை. லிட்டருக்கு 25 கிராம் கல் உப்பு, ஏர் பம்ப், 28 டிகிரி சூடு இருந்தால் ஒன்றரை நாளுக்குள் அதன் முட்டைகள் பொரிந்துவிடும். தின்ற பத்தாவது நிமிடம் குட்டிகளின் வயிறு ஆரஞ்சு நிறத்தில் உப்பியிருக்கும். தின்றதா இல்லையா என்று யோசிக்கவே வேண்டாம். அது கிடைக்காத நாளில் மொய்னா என்ற தண்ணீர்த் தெள்ளு.

தண்ணீரைப் பற்றிப் பலர் பயப்படுகிறீர்கள். கப்பிக்குக் கொஞ்சம் உப்புச்சத்துள்ள கடினமான போர்வெல் தண்ணீர் ஒத்துப்போகும். குழாய்த் தண்ணீரானால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். வாரம் ஒருமுறை கால்வாசி மாற்றினால் போதும்.

மிஞ்சுகிற மீன்களைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஏரியிலோ வாய்க்காலிலோ விடாதீர்கள். கொசுப்புழு தின்னும் என்பதற்காகத்தான் 1908-ல் கப்பியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள், சுகாதாரத் துறையினர் இன்றும் கிணறுகளில் விடுகிறார்கள், உண்மைதான். ஆனால் வீட்டுக் கிணறு வேறு, ஓடும் நீர் வேறு. எந்த அழுக்கிலும் பிழைத்து, மாதாமாதம் பெருகி, நம்மூர்ச் சிறுமீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடும். நான் ரகம் தப்பியவற்றை மாடியில் அல்லித் தொட்டி வைத்திருப்பவர்களுக்குக் கொடுத்துவிடுகிறேன். அங்கே கொசுப்புழுவும் ஒழியும். யாரும் கேட்காத மாதங்களில் ஆணையும் பெட்டையையும் பிரித்தே வைத்திருப்பேன்.