அம்மா அப்பாவோடு பாங்காக்: மும்பைத் தமிழர்களின் அனுபவங்கள்

மாட்டுங்காவிலிருந்து:

அப்பாவுக்கு 71 வயது, அம்மாவுக்கு 66. இருவரும் இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. வருடத்துக்கு ஒருமுறை தாதரில் ரயில் பிடித்து, சென்னையில் மாறி, கும்பகோணம் போய் வருவதோடு சரி. இந்தக் குளிர்காலத்தில் அவர்களை பாங்காக் அழைத்துப் போக ஆசைப்படுகிறேன். ஏஜெண்ட் கொடுத்திருக்கும் திட்டத்தில் ஐந்து நாட்களுக்குப் பதினேழு இடங்கள் இருக்கின்றன. படிக்கும்போதே எனக்கு மூச்சு வாங்குகிறது. பெரியவர்களோடு போய் வந்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

தாராவியிலிருந்து:

சகோதரி, அந்தப் பதினேழில் பாதிக்கு மேல் இன்றே அடித்துவிடுங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரியில் என் அம்மாவை அழைத்துப் போனேன். 90 அடி சாலையில் விடியற்காலையில் இட்லியும் பணியாரமும் விற்று எங்கள் மூவரையும் படிக்க வைத்தவர். அடுப்பு முன்னால் நின்று நின்றே முழங்கால் தேய்ந்துவிட்டது. அதனால் அந்த ஊரைப் பற்றிப் படிப்பதற்கு முன்னால் அம்மாவின் காலைப் பற்றித்தான் யோசித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாகிம் கடற்கரைக்குக் கூட்டிப்போய் நடக்க வைத்துப் பார்த்தேன். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை உட்கார வேண்டியிருந்தது. அந்த இருபது நிமிடத்தை வைத்துத்தான் முழுப் பயணத்தையும் அமைத்தேன்.

சபான் தாக்சின் ரயில் நிலையத்தை ஒட்டி அறை எடுத்தேன். வாடகை கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் தலைக்கு மேலே பி.டி.எஸ். மின்ரயில் ஓடுகிறது, இறங்கினால் சாவோ பிரயா ஆற்றின் படகுத்துறை. பாங்காக் சாலை நெரிசலைப் பற்றி மும்பைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆற்றில் அந்தத் தொல்லை இல்லை. ஆரஞ்சுக் கொடி கட்டிய படகில் ஏறி தா சாங் துறையில் இறங்கினால் பெரிய அரண்மனை (கிராண்ட் பேலஸ்) வாசல் நடக்கும் தூரம்தான். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: படகு துறையில் அதிக நேரம் நிற்காது. விசில் ஊதுவார்கள், ஏற வேண்டும். துறைக்கும் படகுக்கும் இடையில் தண்ணீர் ஆடிக்கொண்டே இருக்கும். பெரியவர்களை முன்னால் விட்டு, பின்னால் நின்று தாங்கிக்கொள்ளுங்கள்.

அரண்மனை காலை 8.30க்குத் திறக்கிறது. வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் 500 பாத். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். சேலைக்கு எந்தச் சிக்கலும் இல்லை. உள்ளே மரகத புத்தர் கோயிலைச் சுற்றியுள்ள பிராகாரச் சுவர் முழுக்க ராமாயணம்தான், 178 ஓவியங்கள். அங்கே அதற்கு ராமகியென் என்று பெயர். வெள்ளை அனுமனைப் பார்த்ததும் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்தக் கதையில் அனுமன் பிரம்மச்சாரி இல்லை, ராவணனின் மகளான ஒரு மச்சகன்னியை மணக்கிறான் என்று நான் படித்ததைச் சொன்னேன். “கோயிலில் நின்றுகொண்டு அபாண்டம் பேசாதே” என்று நிஜமாகவே கோபித்துக்கொண்டார். அறைக்குத் திரும்பிய பிறகும் அதே பேச்சு. பதினொரு மணிக்குத் திரும்பிவிட்டோம். மாலை நான்கு வரை வெளியே தலை காட்டவில்லை. ஜனவரியிலும் அங்கே உச்சி வெயில் 30 டிகிரியைத் தாண்டும்.

சாப்பாட்டுக்குத்தான் மிகவும் பயந்தேன். அம்மா முட்டைகூடத் தொடமாட்டார். அங்கே வெறும் கீரை வதக்கலிலும் மீன் சாறு ஊற்றுகிறார்கள். அந்தச் சாறுக்கு ‘நாம் ப்லா’ என்று பெயர். ‘சைவம்’ என்று பொதுவாகச் சொன்னால் போதாது. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து போட்ட கடைகளைத் தேடுங்கள். அதை ‘ஜே’ என்கிறார்கள். அங்கே இறைச்சி, முட்டை, மீன் சாறு எதுவும் கிடையாது. வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. மாட்டுங்காப் பெரியவர்களுக்கு இது ஏற்ற இடம்.

இதை எழுத உட்கார்ந்ததே பின்வரும் நிகழ்ச்சிக்காகத்தான். மூன்றாம் நாள் மாலை, பாங் ரக் பகுதியில் ஒரு நடைபாதைக் கடை. அம்மா சட்டென்று நின்றுவிட்டார். அடுப்பின் மேல் குழிக்குழியாக ஒரு கனத்த சட்டி. அச்சு அசல் நம் பணியாரச் சட்டி! தாய்லாந்துப் பெண்மணி ஒருவர் கெண்டியால் மாவை ஊற்றிக்கொண்டிருந்தார். அரிசி மாவு, அதன் மேல் தேங்காய்ப் பால், ஒவ்வொரு குழியிலும் கொஞ்சம் வெங்காயத்தாள். கனோம் க்ரோக் என்று பெயராம். நாம் பணியாரத்தைத் திருப்பிப் போடுகிறோம், அவர் திருப்பவில்லை. மூடி போட்டு வேகவைத்து, கரண்டியால் வழித்தெடுத்து, இரண்டு பாதிகளை ஒன்றின் மேல் ஒன்று கவிழ்த்து உருண்டையாக்கினார். அம்மா பத்து நிமிடம் அசையாமல் பார்த்தார். பிறகு ஓரத்துக் குழி ஒன்றைக் காட்டி, அது தீய்கிறது என்று கையால் சைகை செய்தார். அந்தப் பெண்மணி சிரித்துக்கொண்டே கரண்டியை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டார். அம்மா நுனியை ஒரு சுற்றுச் சுற்றி, உடையாமல் எடுத்து வைத்தார். இருவருக்கும் ஒரு சொல்கூடப் பொது இல்லை. வாழையிலைத் தட்டில் வைத்துக் கொடுத்ததற்குக் காசு வாங்க மறுத்தார், அம்மா விடவில்லை. மறுநாளும் அங்கேதான் போக வேண்டும் என்றார். நான் டிக்கெட் எடுத்து வைத்திருந்த ஆற்று உலாவை விட்டுவிட்டேன். எனக்கு அதில் துளியும் வருத்தம் இல்லை.

செம்பூரிலிருந்து:

தாராவி அண்ணா, படித்ததும் கண் கலங்கிவிட்டது. எங்களுக்கு நேர்ந்ததையும் சொல்கிறேன். அரண்மனை மதில் ஓரமாக நடந்துகொண்டிருந்தோம். வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, நல்ல ஆங்கிலம். “இன்று விசேஷப் பூஜை, மதியம் வரை வெளிநாட்டவருக்கு அனுமதி இல்லை, அதற்குள் வேறொரு கோயிலைப் பார்த்துவிட்டு வரலாம்” என்று ஒருவர் அக்கறையோடு சொன்னார். டுக்டுக் என்னும் ஆட்டோவுக்கு அவரே பேரம் பேசினார், நம்ப முடியாத மலிவு. என் மாமியார் அவரை ‘நல்ல பிள்ளை’ என்று வாழ்த்தினார். ஒரு சிறிய கோயிலைக் காட்டிவிட்டு, வண்டி நேராக ஒரு ரத்தினக் கடை வாசலில் நின்றது. நீலக்கல்லை மும்பையில் இரட்டிப்பு விலைக்கு விற்கலாம் என்று ஒன்றரை மணி நேரம் நச்சரித்தார்கள். வாங்கவில்லை. ஆனால் அந்தக் காலைப்பொழுது போயிற்று. மாமியார் வெயிலில் வாடி, அன்று அரண்மனையே பார்க்கவில்லை. திறந்திருக்கிறதா என்பதை நுழைவாயிலில் போய் மட்டுமே கேளுங்கள். வழியில் யார் சொன்னாலும் கேட்டுக்கொண்டு நடந்துகொண்டே இருங்கள்.

ஆண்டாப் ஹில்லிலிருந்து:

டிக்கெட் எடுப்பதற்கு முன் பாஸ்போர்ட்டில் பெயரைப் பாருங்கள், அக்கா. நம்மவர்களுக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கும். துபாய்க்கு ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசா கிடையாது என்று 2022 நவம்பரில் அறிவித்தார்கள். இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். அந்தக் குழப்பத்தில் என் தந்தையின் பயணம் நின்றுபோனது. நாட்டுக்கு நாடு விதி மாறும். தாய்லாந்துக்கு 2025 மே 1 முதல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் செய்யலாம், கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.

முலுண்டிலிருந்து:

கும்பகோணம் என்று எழுதியிருந்ததால் சொல்கிறேன், அம்மா. பாங்காக் நகரின் நடுவே பிரமாண்டமான சிவப்பு ஊஞ்சல் ஒன்று நிற்கிறது. அருகிலேயே தேவஸ்தான் என்னும் பிராமணர் கோயில், 1784ல் கட்டப்பட்டது. அங்கே ஆண்டுதோறும் குளிர்காலத்தில் நடக்கும் விழாவின் பெயர் திரியம்பாவாய். நம் திருவெம்பாவைதான். நூற்றாண்டுகளுக்கு முன் தமிழகத்திலிருந்து போன பாடல்களை அரசவை அந்தணர்கள் இன்றும் தங்கள் உச்சரிப்பில் ஓதுகிறார்கள். ஊஞ்சல் ஆடும் சடங்கு 1935ல் நின்றுவிட்டது, ஓதுவது நிற்கவில்லை. நாங்கள் போன நேரத்தில் கதவு சாத்தியிருந்தது. என் மனைவி வெளியே நின்றபடியே இருபது பாடல்களையும் முணுமுணுத்து முடித்தாள். காவலாளி ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். சிலோம் சாலையில் நம்மவர்கள் 19ஆம் நூற்றாண்டில் எழுப்பிய மாரியம்மன் கோயிலுக்கும் போங்கள். சாமந்தி மாலையோடு வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்து மக்களாகவே இருப்பார்கள்.

மாட்டுங்காவிலிருந்து:

எல்லாவற்றையும் அப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். ஏஜெண்டிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆற்றங்கரையில் அறை, ஆறு நாட்கள், காலையில் ஒரு இடம், மாலையில் ஒரு இடம். மார்கழிக் கடைசியில் போகலாமா என்று அப்பா பஞ்சாங்கத்தைப் பிரித்து வைத்திருக்கிறார். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: அந்தச் சட்டி அங்கே விலைக்குக் கிடைக்குமா, எத்தனை குழி?