‘ரிவெர்ட்டட் கியர் டிரெயின்’ – தமிழில் என்ன?

வணக்கம்.

சூரியக் குடும்ப மாதிரிப் பொறிக்கான கையேட்டில் ‘கியர் டிரெயின்’ பற்சக்கரத் தொடர் ஆயிற்று, ‘காம்பவுண்ட்’ வகை (ஒரே தண்டில் இரண்டு சக்கரங்களை இறுக்கியது) கூட்டுத் தொடர் ஆயிற்று. முதல் சக்கரமும் கடைசிச் சக்கரமும் ஒரே அச்சில் அமையும் ‘ரிவெர்ட்டட்’ மட்டும் இழுபறியில் நிற்கிறது. வரைவில் ‘மீள் தொடர்’ என்று போட்டிருக்கிறோம். சரிதானா?

---

> மீள் தொடர்

வேண்டாம். ‘மீள்’ என்றதும் மீள்தன்மையும் சுருள்வில்லும்தான் நினைவுக்கு வரும். சுழற்சி எதிர்த்திசைக்குத் திரும்புகிறது என்று படிக்கவும் இடமுண்டு. இங்கே நடப்பது அதற்கு நேர்மாறு. இரண்டு இடத்தில் பல் கோப்பதால் திசை இருமுறை மாறிப் பழையபடியே ஆகிவிடும். கோள்கள் எல்லாம் சூரியனை ஒரே பக்கமாகச் சுற்றுவதால் நமக்கு வேண்டியதும் அதுவே.

திரும்பி வருவது அச்சு. பூமியின் கையைச் சுழற்றும் குழாய்த் தண்டிலிருந்து சுழற்சி பக்கத் தண்டுக்குப் போய், அதே மைய அச்சிலுள்ள வெள்ளியின் குழாய்க்கு வந்து சேர்கிறது. பூமி 8 சுற்று முடிப்பதற்குள் வெள்ளி ஏறத்தாழ 13 சுற்று. இதற்குப் பூமிக் குழாயில் 26 பல், அது ஓட்டும் பக்கத் தண்டுச் சக்கரத்தில் 24. அதே தண்டில் இறுக்கிய 30 பல் சக்கரம், வெள்ளிக் குழாயின் 20 பல்லை ஓட்டும். 26/24 × 30/20 = 13/8. ‘ஓரச்சுத் தொடர்’ என்றே வைத்துவிடலாமே?

---

> ஓரச்சுத் தொடர்

அழகான சொல்தான், ஆனால் எபிசைக்ளிக் வகையிலும் உள்ளீடும் வெளியீடும் ஓரச்சில்தான் இருக்கும். இரண்டும் ஒரே பெயருக்குள் அடைபட்டுவிடும். ரிவெர்ட்டட் வகையில் பக்கத் தண்டு இடம் மாறாது. எபிசைக்ளிக்கில் அதுவும் மையத்தைச் சுற்றி வரும்.

இன்னொன்று, இந்த வகையின் தலைவலியே மையத் தூரம்தான். பல் கோத்த இரு சக்கர இணைகளும் அதே இரண்டு அச்சுகளுக்கு நடுவே உட்கார வேண்டும். மாட்யூல் (பல்லின் அளவு: மி.மீ. விட்டம் ÷ பல் எண்ணிக்கை) இரண்டுக்கும் ஒன்றே என்றால் பற்களின் கூட்டுத்தொகையும் ஒன்றாக வேண்டும். மேலே 26+24, 30+20 இரண்டும் 50. மாட்யூல் 1 என்றால் தூரம் 25 மி.மீ.

செவ்வாயில் இது படுத்தும். நல்ல விகிதம் 79/42, அதாவது 79 ஆண்டில் 42 சுற்று; 79 ஆண்டுக்குப் பிழை 1° அளவுதான். ஆனால் 79 பகா எண். 63→79 (63 பல் சக்கரம் 79-ஐ ஓட்டுவது) என்று ஓர் இணை போட்டால் கூட்டு 142. மிச்சம் 2:3, அதன் கூட்டு 5-இன் மடங்காகத்தான் வரும். 56→84 போட்டால் 140, அதாவது 71 மி.மீ. வேண்டிய இடத்தில் 70. மையத் தூரத்தைச் சரிக்கட்டப் பல்லைத் தள்ளி வெட்ட வசதி இல்லையென்றால் ஓர் இணை இறுகும், அல்லது மற்றது தளர்ந்து ஆடும்.

ஆகவே 47/25-க்கு இறங்கி வருவதே மேல். பூமிக் குழாயில் 30, பக்கத் தண்டில் 47, அதே தண்டில் 35, செவ்வாய்க் குழாயில் 42. இரண்டு கூட்டும் 77. விலை: 47 ஆண்டில் செவ்வாய் சுமார் 4° முந்திவிடும். மேசை மேல் வைக்கும் மாதிரிக்கு அது போதும்.

‘அச்சுமீள் தொடர்’ என்பது என் முன்மொழிவு. எது மீள்கிறது என்பது பெயரிலேயே இருக்கிறது.

---

அச்சுமீள் தொடருக்கு என் வாக்கும். ‘அச்சுமீள் கூட்டுத் தொடர்’ என்று நீட்ட வேண்டியதில்லை, கூட்டுத் தொடராக இல்லாமல் இது அமையாது.

விளக்கத்தில் பல்லிடைத் தளர்ச்சியையும் சேருங்கள். இரண்டு கோப்பின் தளர்ச்சியும் கூடி வரும். வெள்ளியின் 20 பல் சக்கரத்துக்கு ஆரம் 10 மி.மீ.; அங்கே 0.1 மி.மீ. ஆட்டம் இருந்தால் 150 மி.மீ. கை நுனியில் 1.5 மி.மீ. ஆகத் தெரியும்.

பதிவு இப்படி இருக்கட்டும்:

அச்சுமீள் தொடர் – முதல் சக்கரமும் கடைசிச் சக்கரமும் ஒரே அச்சில் அமைய, இடைப்பட்டவை நிலையான பக்கத் தண்டில் சுழலும் கூட்டுப் பற்சக்கரத் தொடர். இரு இணைகளின் மையத் தூரமும் சமம்.