'ஸ்ட்ராங்குலேஷன்': தமிழில் என்ன போடுகிறீர்கள்?

மொழிபெயர்க்கும் நண்பர்களே, ஒரு உதவி. இந்தச் சொல் வரும் இடமெல்லாம் 'கழுத்தை நெரித்துக் கொலை' என்று போட்டுவிடுகிறோம். தப்பு. கழுத்தை வெளியிலிருந்து இறுக்குவதுதான் பொருள். சாவு அதில் கட்டாயமில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உயிர் போகாத நெரிப்பே 2022 ஜூனிலிருந்து தனிக் குற்றம். உணவு உள்ளே சிக்கினால் அது 'சோக்கிங்' (பேச்சில் இதையும் நெரிப்பதற்குச் சொல்வார்கள், அது வேறு தலைவலி).

பெயர்ச்சொல் போலீஸ், மருத்துவ நடை. வீட்டில் புழங்குவது 'ஸ்ட்ராங்கிள்' என்ற வினை. 'ஐ குட் ஸ்ட்ராங்கிள் ஹிம்' வெறும் எரிச்சல்தான். 'அவனைக் கொன்னே போடுவேன்' என்கிறோமே, அந்த ரகம். 'ஸ்ட்ராங்கிள்ட் வாய்ஸ்' என்றால் தொண்டை அடைத்த குரல்.

சிக்குவது இரண்டு இடத்தில். 'ஸ்ட்ராங்குலேட்டட் ஹெர்னியா': பிதுங்கிய குடல் இறுகி ரத்த ஓட்டம் தடைபடுவது. கழுத்துக்குச் சம்பந்தமே இல்லை. 'நெரிபட்ட குடலிறக்கம்' என்றால் நோயாளிக்குப் புரியுமா? அடுத்தது 'எகனாமிக் ஸ்ட்ராங்குலேஷன்': ஒரு நாட்டின் பொருளாதாரத்தை வேண்டுமென்றே இறுக்கி முடக்குவது. 'பொருளாதார நெருக்கடி' பொருந்தாது. நெருக்கடி தானாகவும் வரும், இதில் நெரிக்கிற கை ஒன்று இருக்கிறது. 'பொருளாதாரக் குரல்வளை நெரிப்பு' தலைப்பில் அடங்காது.

மாற்றுச் சொல் இருந்தால் முழு வாக்கியத்தில் வைத்துக் காட்டுங்கள்.