புதுப்பிப்பு: அம்மாவின் பில்லிங் ஓரத்தில் திரும்பத் திரும்ப வந்த சொத்தை

அம்மாவின் கடைவாய்ப் பல்லில், ஈறோரம் அடைத்த பில்லிங்கைச் சுற்றி மூன்று வருடத்தில் இரண்டு தடவை சொத்தை வந்தது, என்ன செய்யலாம் என்று போன வருடம் இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பதினொரு மாதமாகிவிட்டது, ஓரம் கெட்டியாக இருக்கிறது.

கைகொடுத்தது நீங்கள் சொன்ன கிளாஸ் அயனோமர் (பல்லை அடைக்கும் ஒருவகைச் சிமெண்ட்) யோசனைதான். ஹட்டனில் பல் டாக்டரிடம் கேட்டபோது, ஈறோரத்துக்கு அது பொருத்தம் என்றார். பல்லோடு வேதியியல் முறையில் ஒட்டிக்கொள்ளும், சொத்தையைத் தடுக்கும் ஃப்ளோரைடைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும், தீர்ந்தால் பற்பசையிலிருந்து மறுபடி எடுத்துக்கொள்ளும். ஆனால் மெல்லும் பரப்பில் சீக்கிரம் தேயுமாம், அதனால் எல்லாப் பல்லுக்கும் இதையே கேட்காதீர்கள். மேலே ஃப்ளோரைட் வார்னிஷும் (பல்லில் ஒட்டி நிற்கும் ஃப்ளோரைட் பூச்சு) பூசினார். அன்று பல் மஞ்சளாகத் தெரிந்ததும் அம்மா பயந்துவிட்டார். மறுநாள் விளக்கியதும் போய்விட்டது.

அப்புறம், இரவில் விளக்கியபின் துப்பினால் போதும், பற்பசையின் ஃப்ளோரைட் பல்லில் தங்கத் தண்ணீரால் கொப்பளிக்க வேண்டாம் என்று இங்கே சொன்ன அக்காவுக்குத் தனி நன்றி. வீட்டில் இருந்த மூலிகைப் பற்பசையில் ஃப்ளோரைடே இல்லை. இப்போது 1450 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1450 பங்கு) ஃப்ளோரைட் உள்ளதை வாங்குகிறோம்.

நாங்கள் எதிர்பார்க்காதது தேத்தண்ணி. மலையில் கொழுந்து பறிக்கும்போது சீனியைத் தொட்டுத் தொட்டு நாள் முழுக்கக் குடிப்பது அம்மாவின் பழக்கம். ஒவ்வொரு தடவையும் வாயில் அமிலம் கூடி, பல்லின் தாது கரைகிறது. இடைவெளி இல்லாவிட்டால் உமிழ்நீரால் அதைத் திருப்பிச் சேர்க்க முடியாது. இப்போது சீனி சாப்பாட்டோடு மட்டும், இடையில் சீனி இல்லாத வெறும் தேத்தண்ணி. பழக இரண்டு மாதம் ஆனது.