கடைவீதி வேடிக்கையைப் படமாக்க யோசனை சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கமுங்க. கோயமுத்தூர் ஒப்பணக்கார வீதியிலும் ஈரோட்டு ஜவுளிச் சந்தையிலும் தெருப் படங்கள் எடுத்து வருகிறேன். எனக்குப் பிடித்தது தற்செயலான வேடிக்கைகள்தான். கடை வாசலில் சேலை கட்டி நிற்கும் பொம்மையின் தோளில் கைபோட்டபடி ஒரு பெரியவர் போனில் பேசிக்கொண்டிருப்பார், அந்த மாதிரி.

35 எம்எம் லென்ஸ், ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார்) கேமரா. லென்ஸ் துளையை (அபெர்ச்சர்) எஃப்/8-ல் வைத்து 3 மீட்டரில் ஃபோகஸை நிறுத்திவிட்டால் சுமார் 2 முதல் 5 மீட்டர் வரை தெளிவாக விழுகிறது. அதில் குறையில்லை. சிக்கல் பின்னணியில். பேனர், ஒயர், பைக் எல்லாம் புகுந்து வேடிக்கையே அமுங்கிவிடுகிறது.

புகைப்படக் கலைஞர் எலியட் எர்விட் 1974-ல் நியூயார்க்கில் எடுத்த படத்தைப் பாருங்கள். தொப்பி போட்ட குட்டி நாயின் மட்டத்துக்குக் கேமராவை இறக்கி, பக்கத்தில் ஒரு ஆளின் பூட்ஸையும் பெரிய நாயின் கால்களையும் மட்டும் வைத்தார். மனித முகமே இல்லை, யாரையும் கேலி செய்யவும் இல்லை. எனக்கு அதுதான் வேண்டும்.

நம்மூர் நெரிசலில் பின்னணியை எப்படிச் சுத்தமாக்குகிறீர்கள்? கடைவீதிக்கு எந்த நேரம் தோதுப்படும்? அப்புறம், படத்தில் இருப்பவரிடம் காட்டிச் சம்மதம் கேட்கும்போது பேச்சை எப்படி ஆரம்பிப்பீர்கள்? அனுபவப்பட்ட அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்க.