சூப்பர்சார்ஜர் கார்: ஆயில் கேட்ச் கேனை எங்கே மாற்றி வைப்பது?

கூடல்நகர்_பெட்ரோல்:

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது 2008 மெர்சிடிஸ் சி200 கொம்ப்ரெஸர், 1.8 லிட்டர், பெல்ட்டில் ஓடும் சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி அனுப்புகிற பம்ப்). முந்தைய ஓனர் காலத்திலேயே ஏதோ ஒரு பட்டறையில் ஆயில் கேட்ச் கேன் (எஞ்சின் விடுகிற ஆவியில் இருக்கும் எண்ணெயைப் பிடித்து வைக்கிற டப்பா) மாட்டியிருக்கிறார்கள். மாட்டிய இடம்தான் பிரச்சனை, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் ஹீட் ஷீல்டிலிருந்து ஒரு சாண் தூரம்கூட இல்லை. ரிங் ரோட்டில் ஒரு சுற்று போய்விட்டு வந்து பானெட்டைத் திறந்தால் கேனில் கை வைக்க முடியவில்லை. கேனைக் கழற்றினால் அடியில் கறுப்பாக ஒரு ஸ்பூன் எண்ணெய்தான் இருக்கிறது, ஆனால் அழுத்திய காற்றைக் குளிர வைக்கிற இன்டர்கூலருக்குப் போகிற பைப்பைக் கழற்றி உள்ளே தடவினால் விரல் முழுக்க எண்ணெய்.

இரண்டு இடம் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, ஹெட்லைட்டுக்குப் பின்னால் ரேடியேட்டர் ஓரம். இன்னொன்று எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கிற ஃபயர்வாலை ஒட்டி, அங்கே என்றால் ஹோஸ் நீளம் குறையும், பார்வைக்கும் சுத்தமாக இருக்கும். விசாரித்த கடையில் ஹீட்டர் ஹோஸையே போட்டுக்கொள்ளலாம், கேன் மேல் ஒரு சின்ன ஃபில்டர் வைத்து ஆவியை வெளியே விட்டுவிடலாம் என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

கப்பலூர்_லேத்:

மனசு ஒப்பாதது சரிதான் தம்பி. அந்த இரண்டு யோசனையையும் விட்டுவிடுங்கள்.

ஹீட்டர் ஹோஸ் பெரும்பாலும் இபிடிஎம் ரப்பர். கூலன்ட்டுக்கு நல்ல சரக்கு, ஆனால் எண்ணெய் பட்டால் ஊறி உப்பி, கொஞ்ச நாளில் கிளாம்ப் இருக்கிற இடத்தில் பிதுங்கிவிடும். நைட்ரைல் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். சாதா சிலிக்கான் ஹோஸ் கலர் கலராக அழகாக இருக்கும், அதிலும் நாள்பட எண்ணெய் கசிந்து வெளியே பிசுபிசுவென்று ஆகும். உள்விட்டத்தைக் குறைக்கவே கூடாது. கம்பெனி பைப் 19 மில்லிமீட்டர் என்றால் கேனின் மூக்கும் 19 இருக்க வேண்டும். மூச்சுப் பாதை குறுகினால் எஞ்சினின் அடிக்கூடான கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறி, கிராங்க் சீல் வழியாக எண்ணெய் கசிய ஆரம்பிக்கும். கேட்ச் கேன் போட்டு எஞ்சினைக் கெடுப்பது இப்படித்தான் நடக்கிறது.

இடம் என்று கேட்டால் ரேடியேட்டர் ஓரம்தான். சோறு கொதிக்கிறபோது பானை மூடியில் நீர் முத்து முத்தாகக் கோர்க்கிறது பாருங்கள், கேன் வேலை செய்வதும் அதே மாதிரிதான்: சூடான எண்ணெய் ஆவி குளிர்ந்த சுவரிலும் உள்ளே இருக்கிற கம்பி வலையிலும் பட்டுத் துளியாக வேண்டும். கேனே கொதித்துக்கொண்டிருந்தால் ஆவி ஆவியாகவே தாண்டிப் போய்விடும். சித்திரை வெயிலில் நம்ம ஊர் சிக்னலில் பத்து நிமிடம் நின்றால் ஃபயர்வால் பக்கம் காற்றே கிடையாது, அங்கே வைத்தால் இப்போது இருக்கிற கதைதான்.

பிராக்கெட் 3 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் அடித்துக்கொள்ளுங்கள். அலுமினியத் தகடு வளைத்த இடத்தில் அதிர்வு பட்டு விரிசல் விடும், என் பட்டறைக்கு அப்படி நிறைய வந்திருக்கின்றன. ரப்பர் புஷ் வைத்து, நைலாக் நட் போட்டு, பாடியில் ஏற்கெனவே இருக்கிற ஓட்டையில் மாட்டுங்கள். கேன் பாடியில் இருக்கும், எஞ்சின் மவுன்ட்டில் ஆடும், அதனால் ஹோஸை விறைப்பாக இழுத்துப் பிடிக்காமல் கொஞ்சம் தளர்வு விட வேண்டும். அந்தத் தளர்வு நடுவில் தொங்கும் வயிறாக ஆகிவிடக்கூடாது, எஞ்சினிலிருந்து கேன் வரைக்கும் சரிவாகவே இறங்கட்டும். பள்ளம் இருந்தால் எண்ணெய் அங்கே தேங்கி, அழுத்தி மிதிக்கிறபோது மொத்தமாக ஒரே மூச்சில் கிளம்பி வரும்.

நத்தம்ரோடு_வி6:

அண்ணன் சொன்ன எல்லாம் சரி. ஆனால் இடத்தை மாற்றுவதற்கு முன் ஒரு கேள்வி: கேன் எந்த லைனில் இருக்கிறது?

இந்த எஞ்சினில் காற்று போகிற வழியைப் பாருங்கள். ஏர் ஃபில்டர், சூப்பர்சார்ஜர், இன்டர்கூலர், த்ராட்டில், கடைசியில் இன்டேக் மேனிஃபோல்டு. கிராங்க்கேஸ் மூச்சு விடுவது இரண்டு பக்கம். ஐடிலிலும் மெதுவாக ஓட்டும்போதும் மேனிஃபோல்டில் வெற்றிடம் இருக்கும், பிசிவி வால்வு (கிராங்க்கேஸ் ஆவியை ஒரே திசையில் விடுகிற வால்வு) வழியாக ஆவி நேராக அங்கே போகும். பூஸ்ட், அதாவது சூப்பர்சார்ஜர் தரும் அழுத்தம், ஏறினால் மேனிஃபோல்டிலும் அழுத்தம், வால்வு மூடிக்கொள்ளும். அப்போது ஆவிக்கு இருக்கிற ஒரே வழி, சூப்பர்சார்ஜருக்கு முன்னால் இன்டேக் பைப்பில் சேர்கிற பிரீதர் குழாய்.

நீங்கள் எண்ணெய் பார்த்தது இன்டர்கூலர் பைப்பில். மேனிஃபோல்டு பக்கத்து லைனில் வருகிற எண்ணெய் இன்டர்கூலருக்குப் பின்னால்தான் சேர்கிறது, அது திரும்பி வந்து இன்டர்கூலரை நனைக்காது. ஆக அந்த எண்ணெய் பிரீதரிலிருந்து வருகிறது, இல்லையென்றால் சூப்பர்சார்ஜரின் சீலிலிருந்து. கியர்களுக்கென்று தனியாக எண்ணெய் அதற்குள்ளேயே இருக்கிறது, சீல் போனால் அதுவும் காற்றோடு கலக்கும். சூப்பர்சார்ஜர் உள்வாயைக் கழற்றித் துடைத்துப் பாருங்கள். அங்கேயே ஈரமாக இருந்தால் பிரீதர் எண்ணெய். உள்வாய் காய்ந்து, வெளிவாய் மட்டும் நனைந்திருந்தால் சீலைச் சந்தேகப்படலாம்.

ஆவியை வெளியே விடுகிற வேலை வேண்டவே வேண்டாம். ஏசி போட்டால் கேபினுக்குள் எண்ணெய் நாற்றம் வரும், அளந்து வருகிற காற்றின் கணக்கும் தப்பும். கிராங்க்கேஸ் வாயு வெளியே போகக்கூடாது என்பது நம் பாரத் ஸ்டேஜ் மாசு விதியிலும் உண்டு.

கூடல்நகர்_பெட்ரோல்:

பார்த்துவிட்டேன். உள்வாயிலேயே நல்ல ஈரம். கேன் இருப்பது மேனிஃபோல்டுக்குப் போகிற சின்ன லைனில்! பிரீதர் பைப் கம்பெனி போட்டது போட்டபடி நேராக இன்டேக்கில் போய்ச் சேர்கிறது. இரண்டு லைனையும் டி போட்டு ஒரே கேனில் சேர்த்துவிடலாமா? இன்னொன்று, இன்று காலை ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் வெள்ளையாகக் கிரீம் மாதிரி இருக்கிறது, ஹெட் கேஸ்கெட் போய் கூலன்ட் எண்ணெயில் கலக்கிறதோ என்று பயமாக இருக்கிறது.

நத்தம்ரோடு_வி6:

டி போட்டுச் சேர்க்காதீர்கள். நடுவில் நல்ல ஒருவழி வால்வு இல்லாவிட்டால் பூஸ்ட் அழுத்தம் மேனிஃபோல்டிலிருந்து கேனுக்குள்ளும், அங்கிருந்து கிராங்க்கேஸுக்கும் இன்டேக்குக்கும் போய்விடும். சின்ன லைனை வால்வோடு பழையபடி கம்பெனி அமைப்புக்கே கொண்டு வாருங்கள். உங்கள் எஞ்சின் போர்ட் இன்ஜெக்ஷன், பெட்ரோல் இன்டேக் வால்வின் மேலேயே படுவதால் அந்த வழியில் வருகிற கொஞ்சம் எண்ணெய் பெரிய படிவமாகாது. பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போகிற டைரக்ட் இன்ஜெக்ஷன் கார் என்றால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். இருக்கிற ஒரு கேனைப் பிரீதர் லைனில் போட்டு ரேடியேட்டர் ஓரம் வையுங்கள். பூஸ்டில் வருகிற எண்ணெய் ஆவிதான் பெட்ரோலோடு கலந்து நாக் ஆவதை (நேரம் தவறித் தானாக வெடிப்பதை) எளிதாக்குகிறது, அதைத்தான் பிடிக்க வேண்டும். இன்டர்கூலரையும் இதோடு ஒரு தடவை கழற்றிக் கழுவி, முழுக்கக் காயவிட்டு மாட்டுங்கள்.

சிறுமலை_வளைவு:

வெள்ளைக் கிரீம் பற்றி: கிட்டக்கிட்டவே ஓட்டுகிற காரில் எஞ்சின் முழுச் சூடு ஏறாது, உள்ளே இருக்கிற ஈரம் எண்ணெயோடு சேர்ந்து அப்படி ஆகும். கூலன்ட் அளவைக் குறித்து வைத்துப் பாருங்கள். குறையாமல் இருந்து, டிப்ஸ்டிக் குழாயில் எடுக்கிற எண்ணெய் தெளிவாக இருந்தால் பயம் வேண்டாம். ஒரு நாள் திண்டுக்கல் வரை நிறுத்தாமல் ஓட்டிவிட்டு மூடியைத் துடைத்துப் பாருங்கள். கூலன்ட் குறைந்தால் மட்டும் உடனே பட்டறைக்கு.

கேனை மாற்றிய பிறகு ஒரு சோதனை கட்டாயம் செய்யுங்கள், செலவும் கிடையாது. கண்ணாடி மாதிரித் தெரிகிற டியூப் ஒன்றை வாங்கி, யு வடிவில் ஒரு பலகையில் கட்டி, பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை டிப்ஸ்டிக் குழாயில் காற்று புகாமல் மாட்டுங்கள். தண்ணீர் எஞ்சினுக்குள் போய்விடாதபடி இரு பக்கமும் டியூப் உயரமாக இருக்கட்டும். ஐடிலில் தண்ணீர் எஞ்சின் பக்கம் கொஞ்சம் ஏறி நிற்க வேண்டும், அதுதான் சரியான லேசான உறிஞ்சல். கேனைப் போடுவதற்கு முன்னும் பின்னும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கேன் போட்ட பின் உறிஞ்சல் முன்பைவிட மிகவும் கூடினாலோ, தண்ணீர் எதிர்ப்பக்கம் தள்ளப்பட்டாலோ, ஹோஸோ உள்ளே இருக்கிற வலையோ அடைக்கிறதா என்று பாருங்கள், அப்படியே ஓட்டாதீர்கள்.

அப்புறம், கேனின் வடிகால் மூக்கு பம்பருக்குக் கீழே நீட்டாமல், கை நுழைகிற மாதிரி இருக்கட்டும். கைக்கு எட்டாத கேனை யாரும் வடிப்பதில்லை, நிரம்பினால் சேர்ந்த எண்ணெய் எல்லாம் ஒன்றாகச் சூப்பர்சார்ஜருக்குள் போகும். முதல் மாதம் அடிக்கடி திறந்து எவ்வளவு சேர்கிறது என்று பாருங்கள், வடிக்கிற இடைவெளி தானாகத் தெரிந்துவிடும். கிளாம்ப்புகளையும் அப்போதே இன்னொரு முறை இறுக்கிவிடுங்கள், புது ரப்பர் சூடு பட்டதும் கொஞ்சம் அமுங்கும்.