சக மாணவர்களுக்கு 45 நிமிட நூலகப் பயிற்சி: எதை எடுப்பது, எதை விடுவது?

கேள்வி – முதுகலைத்தமிழ்
எம்.ஏ. தமிழ் முதலாண்டு மாணவர்கள் 25 பேருக்கு நூலகப் பயிற்சி நடத்தும் பொறுப்பு எனக்கு. கோஹா ஓபேக் (கோஹா மென்பொருளில் உள்ள நூலகத்தின் கணினி நூற்பட்டியல்), அலமாரியில் தேடுதல், ஷோத்கங்கா (பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியம்), ஜெராக்ஸ் காப்புரிமை என நான்கு தலைப்பு எழுதி வைத்திருக்கிறேன். கணினி 6தான் உண்டு. எப்படிப் பிரிக்கலாம்?

பதில் – அட்டவணைக்காரர்
நான்கும் தாங்காது தம்பி. ஓபேக்கும் அலமாரியும் போதும். புத்தகம் உள்ளேயே இருக்க, ஓபேக் "இல்லை" என்று சொல்லும் இடத்தில்தான் பிள்ளைகள் சோர்ந்து போகிறார்கள். அது ஏன் என்று காட்டுங்கள்.

ஔவையார் என்று தேடச் சொல்லுங்கள். ஔ ஒரே எழுத்து. பலர் ஒ, ள என்று இரண்டாகத் தட்டுவார்கள். திரையில் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றுதான், கணினிக்கு அது வேறு சொல். பதிவை ஏற்றியவரும் அப்படித் தட்டியிருக்கலாம், அதனால் இரண்டு விதமாகவும் தேட வேண்டும். அடுத்து வரதராசன், வரதராஜன். "வரதரா" என்று நிறுத்தி நட்சத்திரக் குறி போட்டால் இரண்டும் வரும். பழைய பதிவுகள் ஆங்கில எழுத்தில் இருக்கும்: சிலப்பதிகாரம் எஸ், சி, சிஎச் எதில் வேண்டுமானாலும் தொடங்கலாம். லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் ஒலிபெயர்ப்பு முறையில் ஏற்றியது என்றால் சி (C).

எல்லாவற்றையும் முதல் நாளே உங்கள் ஓபேக்கில் சோதித்துவிடுங்கள். அமைப்பு நூலகத்துக்கு நூலகம் மாறும்.

பதில் – அடுக்குமாடம்
ஒரு கணினிக்கு நால்வர், ஒன்றில் மட்டும் ஐவர். செய்து காட்ட 5 நிமிடம், தேட 15, அலமாரிக்கு 15, மீதி கேள்விகளுக்கு. குழுவுக்கு 3 தலைப்பு எழுதிய சீட்டு கொடுங்கள். அந்த நூல்கள் இரவலில் போகவில்லையா, இடத்தில் இருக்கிறதா என்று அன்று காலையே பார்த்துவிட வேண்டும்.

அலமாரியில் எல்லோரும் தடுக்குவது தசமத்தில். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி முறையில் தமிழ்ப் புனைகதை 894.8113, மலையாள இலக்கியம் 894.812. 8113 பெரிய எண் என்று நினைத்து மலையாளத்தைத் தாண்டிப் போய்த் தேடுவார்கள். புள்ளிக்குப் பிறகு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடச் சொல்லுங்கள்: 8, 1 ஒன்றுதான், மூன்றாவதில் 1, 2-க்கு முன்னால். அவ்வளவே.

முதுகலைத்தமிழ்
நன்றி ஐயா. ஜெராக்ஸ் பற்றி யாராவது கேட்டால்?

பதில் – அட்டவணைக்காரர்
இரண்டு வரியில் முடியுங்கள். டெல்லி பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில் 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றம், பாடத்துக்குத் தேவையான பகுதிகளை நகலெடுப்பதை 1957 காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது என்றது. அதை வைத்து முழு நூலையும் ஜெராக்ஸ் போடலாம் என்று சொல்லி அனுப்பாதீர்கள். ஷோத்கங்காவில் பழைய தமிழ் ஆய்வேடுகள் பல வெறும் ஸ்கேன் படங்கள், உள்ளே சொல் தேட முடியாது. இயல் தலைப்பைப் பார்த்துத்தான் திறக்க வேண்டும்.

"கிடைக்கவில்லை" என்று திரும்பும் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். எந்த எழுத்தில் தேடினார்கள் என்று பின்பக்கம் குறித்து நூலகரிடம் கொடுங்கள். மார்க் (கணினி நூற்பட்டியல் பதிவுகளின் வடிவம்) 246 புலத்தில் மாற்றுத் தலைப்பைச் சேர்த்துவிட்டால் அடுத்து வருகிறவருக்கு அது கிடைக்கும்.